கயிற்றின் இந்த முனை

பாத்ரூம் ஒழுகலை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது சார். முதலில் சுவரில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம் தெரியும். வெள்ளையடித்தால் போய்விடும் என்று நினைப்போம். அடுத்த மழைக்குள் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிவிடும், பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை வரைக்கும் பூசண வாடை வந்துவிடும். இதைப் புகாராகச் சொல்லவில்லை. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு அடுத்த தெருவில் எங்கள் பிளாக். முதல் மாடியில் நான், என் மனைவி தனம், மகள் ஷர்மிளா. நேர் மேலே இரண்டாவது மாடியில் சவுரிமுத்துவும் அவன் மனைவி ரோஸியும். அதற்கு மேல் மொட்டைமாடி. சவுரியும் நானும் குரோம்பேட்டையில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள். வாங்கினால் சேர்ந்துதான் வீடு வாங்குவது என்று பிடிவாதமாக இருந்து வாங்கினோம். என் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம், அவன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஷர்மிளா பாதி நேரம் மேல்வீட்டில்தான் இருப்பாள். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதும் அங்கேதான், கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு கலக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். கூடப்பிறந்தவன் வீட்டில்கூட நான் பெண்ணை அப்படி விட்டிருக்க மாட்டேன்.

ஒழுகியது அவன் பாத்ரூம். ஷவர் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவரைத் தாண்டி வந்து பெரிய குழாயோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல். அந்த இடம் வீட்டுக்குள் இல்லை. குழாய்கள் இறங்குவதற்காக பாத்ரூம்களுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டிருப்பார்கள், டக்ட் என்பார்கள். மொட்டைமாடியிலிருந்து தரைவரை கிணறு மாதிரி இறங்கும். அடியில் குழாய்கள் பின்னிக் கிடப்பதால் ஏணி நிற்காது. வந்த பிளம்பர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு, மேல் பாத்ரூம் தரையை உடைக்கலாம் என்றார்கள். ரோஸி ஆசையாகப் போட்ட டைல்ஸ், அதை உடைக்க அவளுக்கு மனமில்லை.

அதனால் சவுரியே இறங்குவான். ஆள் ஒல்லி, கோவளம் பக்கத்துக்காரன், கயிற்றுக்கு அஞ்சாதவன். என் தோள் அந்தச் சந்தில் நுழையாது. வருடா வருடம் மழை விட்டதும் எங்களுக்கு இது ஒரு திருவிழா. அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி விரிசலில் பசை வைத்துப் பூசுவான். நான் மேலே தண்ணீர்த் தொட்டியின் தூணில் கயிற்றைச் சுற்றி, முனையை முடிச்சுப் போட்டு, கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் இடுப்பு முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். என் பக்கத்து முனையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

2005 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் பூச்சு நிற்கவில்லை. ஷர்மிளா படுக்கும் அறையின் சுவர் முழுக்க ஊறிப்போய்விட்டது. அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஈரச் சுவர் இருக்கும் அறையில் படுக்கவைக்காதீர்கள் என்று சொல்லி டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். கோடை வந்ததும் சரியாகிவிட்டது. சவுரி வந்து, "என்னாலதான் மச்சான் இதெல்லாம்" என்று கண் கலங்கினான். நான்தான் அவனைத் தேற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த வருடம் ஷர்மிளாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள், போன் செய்கிறோம் என்று போனார்கள். போன் வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே. தனம் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று ஜோசியர் ஜோசியராக அலைந்தாள்.

ஷர்மிளாவைக் கேட்டீர்களா என்கிறீர்கள். அவளைக் கேட்க என்ன இருக்கிறது சார். புடவை கட்டிக்கொண்டு வந்து நில் என்றால் வந்து நிற்பாள். ஒரே ஒரு தடவை, "இப்ப வேணாமேப்பா" என்றாள். எல்லாப் பெண்களும் சொல்வதுதான்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். சொந்தக்காரனைக் கேட்டால் மூடி மறைப்பான். சவுரி வேறு மதம், சாட்சிக்காரன் மாதிரி நடுநிலையாகச் சொல்வான் என்று எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. அவனைவிட எங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்.

கேளம்பாக்கத்திலிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்துவிட்டுப் போன மறுநாள், நான் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாக டார்ச் அடித்து அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவுரி வீட்டில் செல்போன் சிக்னல் பாத்ரூம் ஜன்னலோரம்தான் கிடைக்கும். டக்ட் வழியாக அவன் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது.

"ஃபேமிலி தங்கம் சார், அதுல டவுட்டே வேணாம். பொண்ணுக்குத்தான் வீசிங் கீது. இன்ஹேலர் இல்லாம முடியாது. பின்னாடி உங்களுக்கு பேஜாராயிடக் கூடாது பாருங்க, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, அதைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். அவன் வீட்டுத் தண்ணீர் என் சுவரை நனைத்தது, அந்தச் சுவர் என் பெண்ணின் மூச்சை அடைத்தது. எப்போதோ போய்விட்ட அந்த மூச்சிரைப்பை எடுத்து அவன் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரி செய்தால் சண்டை போடலாம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் செய்தால் என்ன செய்வது. தனத்திடம்கூட நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து வந்ததும், ஒழுகுகிறது, இறங்கிவிடலாமா என்றேன். "இப்பதானே மச்சான் பூசினோம்" என்றான். ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்துவிட்டான். குறை சொல்லக் கூடாது, கூப்பிட்டால் வருவான்.

இடுப்பில் கட்டிக்கொண்டான். இழுத்துப் பார்த்தான். இறங்கினான். நான் தூணில் ஒரு சுற்று மட்டும் சுற்றினேன். முடிச்சு போடவில்லை. அப்போதுகூட எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

"கேளம்பாக்கத்துக்காரங்க உனக்கு போன் பண்ணாங்களா சவுரி?"

குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"மேல வந்து சொல்றேன் மச்சான். ஷர்மி விஷயமா உங்கிட்ட கொஞ்சம் பேசணும். ரொம்ப நாளாவே பேசணும்னு இருந்தேன்."

யோசிப்பதற்கு நேரம் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. மேலே வந்து, டீ குடித்துக்கொண்டே, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்வான். நானும் நம்பிவிடுவேன். அவன் சொன்ன எதையும் நான் நம்பாமல் இருந்ததில்லை. அதனால் தூணிலிருந்து அந்தச் சுற்றைப் பிரித்தேன். கயிறு கனமாக இருந்தது. கையைத் திறந்தேன்.

சத்தம் அதிகம் இல்லை. கயிறு உள்ளே போய் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படியிறங்கிப் போய் ரோஸியை எழுப்பினேன். சர்ச்சுக்குப் போய் வந்த களைப்பில் படுத்திருந்தாள். கை வழுக்கிவிட்டது என்றேன். உங்கள் ஆட்களிடமும் அதையே சொன்னேன். கயிறு உரசிய என் கையைப் பார்த்துவிட்டு, பாவம், வயசானவர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் தூக்கியதில் நானும் ஒருவன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் ஷர்மிளா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தாம்பா அங்கிளை அப்படிச் சொல்லச் சொன்னேன். எனக்கு ஆபீஸ்ல கார்த்தியைப் பிடிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. வர்றவங்களை எப்படியாவது நிறுத்துங்கன்னு அழுதேன். வேற எந்தப் பொய்யும் சொல்ல மாட்டேன், வீசிங் வந்தது நெஜந்தானே, அதை மட்டும் சொல்றேன்னாரு. அப்பாகிட்ட நானே பேசறேன்னும் சொன்னாரு. அதுக்குள்ள போயிட்டாரு."

கயிற்றைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பாசம் வைத்திருந்த பெண், போனவன் மேல் ஒரு பழியும் வரக் கூடாது என்று தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். சவுரி போனில் வீசிங் என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லையே, அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ரோஸி சொல்லிக்கொடுத்திருப்பாள். அன்றிலிருந்து ஷர்மிளா மேல்வீட்டில்தான் படுக்கிறாள், ரோஸிக்குத் துணையாக. அந்தக் கார்த்தி என்கிற பையன்கூட ஒருநாள் வந்து ரோஸியைப் பார்த்துவிட்டுப் போனான். துக்கம் விசாரிக்க வந்திருப்பான்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பின்னே ஏன் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நேற்று அவனுக்கு முப்பதாம் நாள் பூசை. சிநேகிதனுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று பாதிரியார் சொன்னார். தெருவே அழுதது. தனமும் அழுதாள். அவன் நல்லவனாகச் செத்துப்போய்விட்டான் சார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சவுரிமுத்து எனக்குத் துரோகம் செய்தான், அதனால் நான் கயிற்றை விட்டேன் என்று ஓர் இடத்திலாவது எழுதப்பட வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனிமேல் எங்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பீர்கள். தாராளமாக விசாரியுங்கள். ரோஸியைக் கேளுங்கள், பிளம்பர்களைக் கேளுங்கள், கேளம்பாக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். ஷர்மிளாவை மட்டும் கேட்க வேண்டாம். அவளைக் கேட்க ஒன்றுமில்லை.