வெள்ளைத் துணியில் கரி

காருக்கு ஏர் ஃபில்டர் வாங்கும் முன் மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கலைவாணன் தம்பியும் கேட்கத்தான் செய்தார். கேட்டுவிட்டு வேறொன்றை வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்படவே எழுதச் சொன்னீர்கள். என் பெயர் நெடுமாறன், ஊர் போலகம், வயது ஐம்பத்திரண்டு. திருமலைராயன்பட்டினம் மெயின் ரோட்டில் இருபத்தாறு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் கறார்தான், ஆனால் தொழில் சுத்தம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தம்பியும் எங்கள் ஊர்தான். அப்பாவுக்கு நெல் விவசாயம், இவருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. போன வருஷம் தை கழிந்து ஒரு டர்போ டீசல் கார் வாங்கினார். கம்பெனி கொடுத்த பேப்பர் ஃபில்டரே இருக்கட்டுமா, வெளியில் விற்கும் காட்டன் ஃபில்டரை மாட்டலாமா என்று என்னைக் கேட்டார். காட்டன் என்றால் காற்று தாராளமாகப் போகும், வண்டி சீறும், அழுக்கானால் கழுவி எண்ணெய் தடவித் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

“தம்பி, நீங்க தெனமும் போற ரோட்டுல நிலக்கரி லாரி ஓடுது. காத்து தாராளமா போற எடத்துல தூசியும் தாராளமா போவும். டர்போன்னா எஞ்சினுக்குக் காத்த அமுக்கித் தள்ளுற காத்தாடி. அதுக்குள்ள தூசி போனா பிளேடைத் தின்னுடும். பேப்பரே இருக்கட்டும்” என்றேன்.

அடுத்த வாரமே பாண்டிச்சேரி போய்க் காட்டன் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். என் பக்கத்து டீக்கடை முன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டினார். “நெடுமாறன் அண்ணன் நல்ல மெக்கானிக்குதான், ஆனா பழைய ஆளு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீக்கடையே சேர்ந்து சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு மாசத்தில் டர்போ போகும், போகாவிட்டால் இனி ஸ்பானரைத் தொடமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

கூத்து என்னவென்றால், அந்தக் காட்டனைக் கழுவி மாட்டும் வேலையை மாசாமாசம் என்னிடமே கொடுத்தார். வேறு யார் கையிலும் வண்டியைக் கொடுக்கமாட்டாராம்.

என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸை, அந்த ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பேன். துணி கறுத்திருந்தால் ஃபில்டர் சரியில்லை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஆறாவது மாசம், டீக்கடை ஆட்கள் சுற்றி நிற்க, தம்பி வண்டியில் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அவர் அதை வாங்கி, நாலாக மடித்து, “ஸ்பானரையெல்லாம் கீழ வெச்சுடாதீங்கண்ணே” என்று என் சட்டைப் பையில் வைத்தார். அந்த வாரமே மூன்று பேர் என்னைக் கேட்காமல் காட்டன் மாட்டினார்கள்.

ஒரு துணியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். தூசி எப்படியும் உள்ளே போகத்தான் போகிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் மூன்று வருஷம் கழித்து. நான் அந்த வருஷங்களைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். லாரி ஃபில்டர்களைத் தட்டும்போது உதிரும் கரித்தூளோடு கொஞ்சம் கடல் மணலைக் கலந்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தம்பி கழுவக் கொண்டுவந்த நாலு தடவையும் ஹோஸுக்குள் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மகள் நிலா பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டைப் போனில் எனக்குப் போட்டுக் காட்டுவார். நன்றாகப் பாடுகிற பிள்ளை.

பிளேடு தேய்ந்தால் டர்போ ஆடும். ஆடினால் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் சீல் கிழியும். அதன் பிறகு எஞ்சின் ஆயிலே காற்றோடு சேர்ந்து உள்ளே போய் எரியும். அப்போது டீசலே வேண்டாம். சாவியை உருவினாலும் நிற்காது, வெடிக்கும்வரை வேகம் ஏறிக்கொண்டே போகும். கிளிஞ்சல்மேட்டில் ஒரு விசைப்படகு எஞ்சின் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் எல்லோரையும் எட்டப் போகச் சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. எங்கள் பக்கத்தில் வண்டி மக்கர் செய்தால், இறங்கிப் பார்ப்பதற்கு முன்னால் அவரவர் மெக்கானிக்குக்குத்தான் போன் போடுவார்கள். தம்பியும் நாகூர் போகும் வழியிலிருந்து போட்டார்.

“அண்ணே, வண்டி ஒரே பொகையா கக்குது. ஓரங்கட்டி சாவிய உருவிட்டேன், நிக்கமாட்டேங்குது. நிலா பயந்து அழுவுது. என்னண்ணே பண்றது?”

எஞ்சின் அலறுவது எனக்கே கேட்டது. மனைவி வெண்மதியையும் பிள்ளையையும் தூரமாகப் போய் நிற்கச் சொல்லுங்கள் என்றேன். இதை நீங்கள் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, “என்ன ஃபில்டர் தம்பி போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்: “காட்டன்தாண்ணே. நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல.”

மனசு குளிர்ந்துவிட்டது ஐயா. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. “பானெட்டத் தூக்கி, அந்த ஹோஸ்கிட்ட நல்லாக் குனிஞ்சு பாருங்க தம்பி” என்றேன். சரிண்ணே என்றார். போனைக் கட் பண்ணாமலே போனார். எஞ்சின் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எந்த இரும்பு எங்கே பாய்ந்தது என்பது போஸ்ட்மார்ட்டத்தில் இருக்கிறது.

இன்சூரன்ஸ் சர்வேயர் ஹோஸை அறுத்துப் பார்த்து, இவ்வளவு பெரிய மணல் எந்த ஃபில்டர் வழியாகவும் வராது என்று எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்.

கருமாதி முடிந்த மறுநாள் வெண்மதி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. “அவங்க போட்ட ஃபில்டராலதான் இப்புடி ஆயிடுச்சாண்ணே?” என்று கேட்டது. ஆமாம்மா என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, செத்துப்போனவரைத் திட்டிக்கொண்டே போனது. அந்தப் பெண்ணிடம் எப்படி அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாய் என்று நேற்று கேட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை ஐயா. அவர் பேப்பர் ஃபில்டர் போட்டிருந்தால், அந்த வண்டியில் ஒரு ஸ்பூன் மண்கூட நான் போட்டிருக்கமாட்டேன்.