பியூஸ் கட்டை யார் கையில்

நீச்சல் குளத்துத் தண்ணீர் வெயிலில் அவ்வளவு வேகமாக வற்றுவதில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தோழர்களே, தாய்மார்களே, இந்தத் தோட்டத்து மூலைக்கு வாருங்கள். ஆளுயரக் குழியின் விளிம்பில் நின்று, ஓர் ஏழைக் காவலனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சாட்சியாகுங்கள்.

பதினோரு ஆண்டுகளாக இந்த வீட்டைக் காத்தவன் நான். வேலையோடு வந்தவை பின்புறத்து இரண்டு அறைகள். அவற்றுள் எழுந்து நடக்க இயலாத என் மனைவி. இன்னொரு பொருள் உடைந்தால் அறைகளைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். உடைந்தது. இந்தக் குழிக்குள் இருக்கும் குளத்தின் கழிவுக்குழாய் வால்வு இறுகிக் கிடந்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அன்றுமுதல் நான்கு மாதம், மோட்டார் ஓடும்போதெல்லாம் மருந்து கலந்த நீர் அவ்வழியே கசிந்து, கீழ்த்தெருக் கிணற்றை ஒட்டிய வாய்க்காலில் இறங்கியது. குறைந்ததை நாள்தோறும் நிரப்பினேன். கேட்டவர்களிடம் வெயிலில் வற்றுகிறது என்றேன். கீழ்த்தெருப் பிள்ளைகள் வாந்தி எடுப்பதாகக் காதில் விழுந்தது. நான் மருத்துவன் அல்லன்.

முதலாளி மறுநாள் வருகிறார் என்றதும், குழாய் வேலை செய்யும் என் தங்கை கணவரை அழைத்தேன். அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குழியில் இறங்குபவர், எவரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி அதன் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அன்று, சேறாகிவிடும் என்று சட்டையைக் கழற்றினார். கட்டையை என்னிடம் நீட்டினார்.

"பிடிங்க மச்சான். இந்த வால்வும் உங்க தங்கச்சி மாதிரிதான். மூடுன்னா மூடாது."

இருவரும் சிரித்தோம்.

பழைய வால்வைக் கழற்றியவர் சுத்தியல் தழும்பைத் தடவிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது. முதலில் கீழ்த்தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். முதலாளி வந்து போகட்டும், இரண்டே நாள் என்று கைகூப்பினேன். மனைவியின் அறை இருக்கும் பக்கத்தைக் காட்டினேன்.

"அக்காவை எங்க வீட்டுல வச்சுப் பார்த்துக்கலாம் மச்சான். ஆனா இன்னும் ரெண்டு நாளைக்கு அந்தப் பிள்ளைங்க இதையே குடிக்கணுமா?"

அவர் குழாயின் வாயைத் துடைக்கக் குனிந்தார். நான் மோட்டார் அறைக்குச் சென்று, கட்டையை அதற்குரிய இடத்தில் பொருத்தினேன். திரும்பி வந்து, தோட்டத்துக்குள் தண்ணீர் புகக் கூடாதே என்று குழியின் இரும்பு மூடியை இழுத்து மூடினேன். அதன்மேல் சற்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கலாம். தட்டும் ஓசை அதற்கு வெகு முன்பே நின்றிருந்தது.

பிறகு கட்டையைப் பிடுங்கி, குழி நீரை இறைத்து, அவரை மேலே ஏற்றி, புது வால்வை நானே பொருத்தினேன். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. கீழ்த்தெருக் கிணற்றைக் காப்பாற்றியவன் யார் என்பதை எவரும் பேசவில்லை. என் தங்கையும் என் முகத்தில் விழிப்பதில்லை.

பெரியோர்களே, இந்தக் கொடுமை இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது. தெருத்தெருவாகச் செல்லுங்கள், கதவுகளைத் தட்டுங்கள், சட்டம் கேளுங்கள். குழியில் இறங்குகிறவன் தன் பியூஸ் கட்டையைத் தானே வைத்திருக்கட்டும். அதை என்னைப் போன்ற நல்லவன் ஒருவன் கையில் கொடுக்க, இனி எவரையும் விடாதீர்கள்.