பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்

முப்பதாண்டு எஸ்டேட் ரைட்டராகக் கூலிக் கணக்கு எழுதியும் யாரையும் முகம் வாடவைக்காத பெருமைக்குரியவரும், இந்த அவையின் தலைவருமான அண்ணன் மரியஜோசப் அவர்களே! கேட்டதும் இந்த மண்டபத்தின் கதவைத் திறந்து, கேளாமலே தேநீரும் தந்த பங்குத்தந்தை அவர்களே! கரடியூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ஜீப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! மடியிலே பாஸ்போர்ட்டையும் மனத்திலே மகளையும் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தங்களுக்கும் பயம்தான் என்பதை மீசைக்குள் மறைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தகப்பன்மார்களே! உங்கள் அனைவரையும் இந்த லூர்துசெல்வி கைகூப்பி வணங்குகிறேன்.

அடுத்த மாதம் நம் ஏற்காட்டு மலையிலிருந்து பதினொரு பேர் முதல்முறையாகக் கடல் கடக்கிறீர்கள். பிள்ளைகள் அழைத்திருக்கிறார்கள், பெற்றவர்கள் போகிறீர்கள். இதைவிட இனிய பயணம் ஏது? இதைவிடக் கலங்கவைக்கும் பயணமும் ஏது? மொழி தெரியாது, முகம் தெரியாது, எந்தக் கதவைத் தள்ளுவது, எந்தக் கதவை இழுப்பது என்பதுகூடத் தெரியாது. அந்தத் தெரியாமையைத் தாண்டி வந்தவள் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தாண்டி வந்தது உண்மை. தடுக்கி விழுந்து தாண்டி வந்தேன் என்பதுதான் முழு உண்மை.

முதலில் சின்னச் சின்னச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் உங்கள் சர்க்கரை அதற்காகக் காத்திருக்குமா? கைப்பையில் வையுங்கள், டாக்டர் எழுதித் தந்த சீட்டையும் கூடவே வையுங்கள். பிள்ளையின் முகவரியும் போன் நம்பரும் செல்போனுக்குள் மட்டும் இருந்தால் போதாது. தாளில் எழுதி, கைப்பையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும்போது காது அடைக்கும். பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற நாம் என்ன செய்கிறோம்? எச்சில் விழுங்குகிறோம். அதேதான். முன்பின் தெரியாதவர் "இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்றால், தங்கமே என்றாலும் வாங்காதீர்கள். விமானத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும், எழுந்து நடங்கள்...

என்ன ஹலீமா, கை தூக்குறீங்க? ஆமாம், ஆமாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள். இவரைத் தெரியாதவர் இந்த மலையில் உண்டா? ஏரிக்கரைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹலீமா. இனி நான் சொல்லப்போகும் கதையில் அறிவாளி அவர்தான். அறிவிலி யார் என்று கேட்கிறீர்களா? மைக் பிடித்து நிற்கிறாளே, அவள்தான்.

சிரிக்கலாம், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கேளுங்கள்.

என் மகள் ஃபெபி மெல்பர்ன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது. பிறந்தது என்று சொல்கிறேன், அது அழவில்லை. அன்று என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அடுப்படியில் நின்றபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடலுக்கு அப்பால் என் பிள்ளை அழுததைக் கேட்டேன். கேட்கத்தான் முடிந்தது. தொட முடிந்ததா? தோளில் சாய்த்துக்கொள்ள முடிந்ததா? ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடிந்ததா?

மறுபடி அவள் உண்டானபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா, இந்தத் தடவ ஆபரேசனுக்கு உள்ள போறப்ப உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தான் போவேன். வந்துருவீங்களா?"

"பறந்து வந்துருவேன் கண்ணு" என்றேன்.

காலை ஏழு மணிக்கு விமானம் இறங்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபரேசன். ஐந்து மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்று கணக்கிட்டோம்.

பெட்டி கட்டினேன். மிளகு கட்டினேன், மலைத்தேன் கட்டினேன், நாலு ஆரஞ்சுப் பழம் கட்டினேன், பிள்ளை பெற்றவளுக்கான லேகியம் கிண்டிக் கட்டினேன். அத்தோடு நின்றேனா? எப்போதோ ஒருநாள் போனில் பேசும்போது ஃபெபி, "வாசல்ல ஒரு காப்பிச் செடி இருந்தா நம்மூரு மாதிரியே இருக்கும்மா" என்று சொல்லியிருந்தாள். இரண்டு காப்பி நாற்றுகளைப் பிடுங்கி, வேரிலே ஈரத்துணி சுற்றி, பட்டுப்புடவை மடிப்புக்குள் படுக்கவைத்தேன். செடி கொண்டு போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் ஆண்டனி ராஜ் சொன்னார். "இத்தனூண்டு செடிய எவன் பாக்கப் போறானுங்க?" என்று வாயை அடைத்துவிட்டேன். தாய்மார்களே, ஒளித்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே ஒளித்தேன். இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வெட்கத்தைவிட உங்கள் பயணம் பெரிது.

ஹலீமாவின் மகன் ஆரிப்பும் அதே ஊரில் இருப்பதால், கோயம்புத்தூரில் ஏறி சிங்கப்பூரில் மாறி இருவரும் ஒன்றாகவே பறந்தோம். இறங்குவதற்கு முன் ஓர் அட்டை கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். உணவு கொண்டு வருகிறாயா, செடி கொண்டு வருகிறாயா, விதை கொண்டு வருகிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். ஹலீமா மூன்றாம் வகுப்புப் படித்தவர். அவர் என்ன செய்தார்? அங்கே போய்க்கொண்டிருந்த பணிப்பெண்ணின் கையைத் தொட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு, தமிழ் தெரிஞ்சவங்க இருந்தா அனுப்புங்க" என்றார். இருந்தார்! தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்து, வரி வரியாகச் சொல்லி நிரப்பிக் கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்கும் கேட்டு எழுதிக்கலாமுங்க" என்றார் ஹலீமா.

நான் யார்? திருவிழா மேடையா, பொங்கல் விழாவா, பட்டிமன்றமா, மூன்று மணி நேரம் தாள் பார்க்காமல் பேசுகிறவள். தெரியாது என்று நான் சொல்வதா? "எனக்குத் தெரியும் ஹலீமா" என்றேன். எல்லாக் கட்டத்திலும் இல்லை, இல்லை, இல்லை என்று கோடு போட்டேன்.

இறங்கினோம். பெட்டிகள் வந்தன. பளபளவென்ற அந்தப் பெரிய கூடத்தில் ஒரு பெண் அதிகாரி நாயோடு நடந்து வந்தார். ஹலீமாவைத் தாண்டிய நாய், என்னைத் தாண்டவில்லை. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, உறுமவில்லை. என் பெட்டியின் அருகே வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்! மேடைகளிலே முழங்கிய இந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்தார். தேன் வந்தது, பழம் வந்தது, லேகியம் வந்தது. பட்டுப்புடவையை மெல்லப் பிரித்தார். என் இரண்டு நாற்றுகளும் வாடாமல் படுத்திருந்தன. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் "யெஸ்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் "யெஸ்". மூன்றாவதாகக் கேட்டதற்கும் "யெஸ்" என்றபோது அவர் முகம் மாறியது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த மூன்றாவது கேள்வி என்ன தெரியுமா? "இந்தச் செடியை விற்பதற்காகக் கொண்டு வந்தாயா?"

ஐயோ என்கிறீர்கள் இப்போது. எனக்கு அப்போது ஐயோ என்று சொல்லக்கூடத் தெரியவில்லையே!

அப்பால் போய்விட்ட ஹலீமா திரும்ப ஓடிவந்தார். "ஏனுங்க, அவுங்க நொம்ப நல்லவங்க, அவங்க புள்ளைக்கு இன்னிக்கு ஆபரேசனுங்க" என்று தமிழிலேயே கெஞ்சினார். தமிழ் யாருக்குப் புரியும்? ஒருவர் வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார். என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். செல்போனைத் தொட வேண்டாம் என்று சைகை காட்டினார்கள். சுவரிலே கடிகாரம். மணி எட்டே முக்கால்.

அப்போதுதான் ஹலீமா அந்தப் பணிப்பெண்ணிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "நோ இங்கிலீஷ். தமிழ். தமிழ் ப்ளீஸ்" என்றேன்.

தாய்மார்களே, அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்! வெட்கப்பட வேண்டிய சொல்லா அது? கேட்டால் தருகிறார்கள். நான் கேட்டதும் தந்தார்கள். மேசைமேல் இருந்த தொலைபேசியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"வணக்கம் அம்மா. பயப்பிடாதேங்கோ. அவ கேக்கிறதை அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே அவவுக்குச் சொல்லுவன். ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

அந்தக் குரலைக் கேட்டு அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அந்த அம்மா காத்திருந்தார், அதிகாரியும் காத்திருந்தார். பிறகு கேள்வி வந்தது. "இந்தப் பெட்டியைக் கட்டினது ஆர்?"

என் வீட்டுக்காரர் வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். செடி எப்படி வந்தது என்றே தெரியாது என்று சத்தியம் செய்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது பொய். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன் என்று சொன்ன அந்த வாயில் என் பொய்யை எப்படி வைப்பேன்?

"நான்தானுங்க கட்டுனேன். செடி கூடாதுன்னு தெரிஞ்சும் ஒளிச்சு வெச்சேன். விக்கறதுக்கில்லைங்க, என் புள்ள ஊட்டு வாசல்ல வெக்கத்தானுங்க. அட்டையில எழுதுனது பொய்யிங்க" என்றேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். இந்த இலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய் இருக்கலாம், இந்த ஈரத்தில் ஒரு பூச்சி முட்டை இருக்கலாம், அது எங்கள் விவசாயிகளின் தோட்டத்துக்குப் போனால் திரும்ப வராது, எல்லாம் அழியும் என்றார்.

அந்த வார்த்தை எனக்கு விளங்க மொழிபெயர்ப்பு வேண்டுமா? கடுகு மாதிரி ஒரு வண்டு வந்து நம் காப்பிக் கொட்டையைத் துளைத்தபோது இந்த மலையே வயிற்றில் அடித்துக்கொள்ளவில்லையா? விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி நாம் எரிக்கவில்லையா? அந்தப் பாவத்தை இன்னொருவர் தோட்டத்துக்குப் பட்டில் சுற்றிக் கொண்டுபோனேனே! "தப்புங்க. நொம்பப் பெரிய தப்புங்க. அத எரிச்சுப் போடுங்க" என்றேன்.

விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்திலேயே என்னைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டாம். மேலதிகாரியிடம் கேட்டு வருவதாகப் போனார். மணி ஒன்பதரை. பத்து. பத்தரை. பதினொன்று. ஜெபம் சொன்னேன், பாதியில் மறந்தேன், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பதினொன்றே முக்காலுக்கு அவர் திரும்பி வந்தார். செடி, தேன், பழம், லேகியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம், எழுத்தில் ஓர் எச்சரிக்கை தருகிறோம், உண்மையைச் சொன்னதால் போக விடுகிறோம் என்று தொலைபேசிக் குரல் சொன்னது. வைப்பதற்குமுன், "பிள்ளையிட்ட கவனமாய்ப் போய்ச் சேருங்கோ அம்மா" என்றது. அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்தேன். மருமகன் ஜெப்சன் இல்லை. "நீங்க போங்க சாமி, புள்ள தனியா இருக்குது. அக்காவ நான் கூட்டியாறேன்" என்று ஹலீமா அவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார். மூன்று ஆண்டுகளாகப் பார்க்காத மகன் பக்கத்தில் நிற்கிறான். அவன் வீட்டுக்குப் போகாமல், அந்தக் குளிரில், எனக்காக மூன்று மணி நேரம் நின்றிருந்தார் இந்த ஹலீமா! கைதட்டுங்கள் ஐயா, இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

ஆரிப் காரை ஓட்டினான். மருத்துவமனை வாசலை மிதித்தபோது மணி ஒன்று. அறைக்குள் ஓடினேன்.

பிறந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை, அழுகிற குழந்தை, அறை அதிர அழுகிற குழந்தை!

ஃபெபி என் முகத்தையே பார்த்தாள். எல்லாவற்றையும் ஜெப்சன் சொல்லியிருந்தார். "உள்ள போறப்ப இந்தூரு நர்ஸ் ஒருத்தங்க கையக் குடுத்தாங்கம்மா" என்றாள். பிறகு கேட்டாள். "ஏம்மா, நானு செடியா கேட்டேன்? உங்களத்தானே வரச் சொன்னேன்?"

கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, "சரி, அழுவாதீங்க. இவளக் கொஞ்சம் வாங்குங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அன்போடு நான் கேட்பது இதுதான். நாற்பது கிலோ பெட்டி கட்டினால்தான் நாலு பேர் மெச்சுவார்கள் என்று நினைக்கிறீர்களா? பிள்ளைக்கு முறுக்கு வேண்டாமா, மிளகாய்த்தூள் வேண்டாமா என்று மருகுகிறீர்களா? அந்த ஊரில் மிளகு கிடைக்கும், தேன் கிடைக்கும், காப்பிப்பொடி கிடைக்கும். கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்காத ஒன்று உண்டென்றால், அது நீங்கள்! அந்தப் பிள்ளைகள் விமான நிலையத்தில் எட்டி எட்டிப் பார்ப்பது பெட்டியையா? உங்கள் முகத்தையல்லவா! கொண்டு போவது எதுவானாலும் அட்டையில் எழுதுங்கள். சந்தேகமென்றால் "ஆம்" என்று எழுதுங்கள். எடுத்துக்கொள்வார்கள், அல்லது திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று தமிழிலே, தலைநிமிர்ந்து சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர வேண்டும், தாய்மார்களே! நேரத்தோடு, நல்லபடியாக, நீங்கள் போய்ச் சேர வேண்டும்!

நீண்ட நேரம் பேசிவிட்டேன். பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், நான் தடுமாறிய இடத்தில் தண்ணீர் நீட்டிய தங்கை சிவரஞ்சனிக்கும் என் நன்றி. அதோ அந்த மேசையில் பதினொரு மாதிரி அட்டைகள் இருக்கின்றன. ஹலீமாவும் நானும் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவராக வாருங்கள், எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம். வயதாகிவிட்டதே, இதையெல்லாம் கேட்பதா என்று மட்டும் நினைக்காதீர்கள். போகிற வழியெல்லாம் உங்களுக்குப் பொறுமையான முகங்கள் வாய்க்கட்டும். வணக்கம்.