கட்டம் கீழே வந்தால் அவுட்

விக்ரம்: எழுதி வச்சுக்க முத்துராஜு. போன்ல நூறு பேரு பாராசூட்ல குதிச்சு சுட்டுக்குற கேம் இருக்குல்ல... அதை இந்தத் திருவிழாக் கடை வீடியோ கேம் டப்பாவுல ஓட வைக்கப்போற மொத விஞ்ஞானி நான்தான்.

முத்துராஜ்: இதைச் சொல்லத்தான் புதுக்கோட்டைலேருந்து ஜெகதாப்பட்டினம் வந்தியா? இதுல மொத்தமே இருநூறு கட்டம்டா.

விக்ரம்: தாராளம். ஆளுக்கு ஒரு கட்டம். நூறு பேரு நின்னது போக நூறு பாக்கி. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல இவ்வளவு எடம் இருக்கா?

முத்துராஜ்: துப்பாக்கி?

விக்ரம்: அதுவும் ஒரு கட்டம்.

முத்துராஜ்: ஹெல்மெட்டு?

விக்ரம்: போட்டிருக்கான்னு நெனச்சுக்கணும்.

முத்துராஜ்: செத்தா?

விக்ரம்: கட்டம் அணைஞ்சிரும்.

முத்துராஜ்: பேட்டரி தீந்தாலும் அணையுமே.

விக்ரம்: அப்ப எல்லாருமே செத்துட்டாங்க. உலகப்போரு. சரி, ஒன் போனைக் குடு, மேப்பை ஒரு தடவை...

முத்துராஜ்: போனைத் தொடாத.

விக்ரம்: ரெண்டு நிமிசம்டா...

முத்துராஜ்: தொடாதன்னா தொடாத! கால் வரும். அப்பா போன போட்டு நேத்துக் காலையிலயே கரைக்கு வந்திருக்கணும். கூடப் போனதெல்லாம் வந்துருச்சு... அங்கிட்டு நேவிக்காரங்க புடிச்சுட்டாங்களோன்னு ஆத்தா உள்ள அழுதுக்கிட்டு கெடக்கு.

விக்ரம்: ...எஞ்சின் கோளாறா இருக்கும்டா.

முத்துராஜ்: இருக்கும்.

விக்ரம்: எனக்குத் தெரியாது பாரு. நண்டு வாங்கிட்டுப் போலாம்னு இங்கிட்டு வந்தேன்.

முத்துராஜ்: ம்.

விக்ரம்: சரி, நீ இந்த டப்பாவுல இருக்குற ஷூட்டிங் கேமை ஆடு. கீழ நிக்கிறது நம்ம துப்பாக்கி. மேலேருந்து கட்டம் கட்டமா எறங்குவானுங்க. எது அசைஞ்சாலும் சுடு. யோசிச்சவன் செத்தான். ஒண்ணு கீழ வந்தாலும் அவுட்டு.

முத்துராஜ்: ம்...

விக்ரம்: சுடுறா! வலப்பக்கம்... வலப்பக்கம்டா! போச்சு. கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி எல்லாரையும் உள்ள விடுறியேடா!

முத்துராஜ்: யாருன்னே தெரியலடா. எல்லாம் ஒரே கட்டமா இருக்கு.

விக்ரம்: எதிரிடா.

முத்துராஜ்: ஒனக்கு எப்பிடித் தெரியும்?

விக்ரம்: மேலேருந்து வர்றான்ல?

முத்துராஜ்: கடல்லயும் அப்பிடித்தான். தூரத்துலேருந்து பாக்குறவனுக்கு எங்கப்பாவும் ஒரு கட்டம்தான்... நான் மேல கடல்னு வச்சுக்கிட்டேன். கீழ நம்ம கரை. வரட்டும்னு விட்டேன்.

விக்ரம்: சுடாத ஷூட்டிங் கேமு! மீனில்லாத மீன் கொழம்பு! கொண்டா இங்கிட்டு. வீரன் எப்பிடி ஆடுறான்னு பாரு.

முத்துராஜ்: ஆடு... ஆமா, நண்டு எங்கடா வாங்கப்போற? இன்னிக்குக் கரையில மீன் ஏலமே இல்லியே.

விக்ரம்: பேசாத. குறி பாக்குறேன்.

முத்துராஜ்: பட்டனையே அமுக்கலியே?

விக்ரம்: அமுக்குறேன், அமுக்குறேன்.

முத்துராஜ்: டேய், ஒண்ணு கிட்ட வந்துருச்சு... அவுட்டாகப் போற!

விக்ரம்: சும்மா இருடா... காலையில டிவியில ஒரு போட்டைப் புடிச்சுட்டாங்கன்னு ஓடுச்சு. ஒங்க ஊரு பேரைப் பாத்ததும் கெடச்ச மொத பஸ்ஸைப் புடிச்சேன்... அந்தா, ஓரமா ஒண்ணு மெதுவா வருது பாரு. அது வந்து சேரட்டும்.