ஒன்றும் இல்லை

நான் சிறு வயதிலிருந்தே அதிகம் பேசாதவன். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அக்கா கேலி செய்வாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான்.

வேலையிலும் எனக்குச் சுருக்கம் பிடிக்கும். மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் பல சர்வர்கள் வழியாக, வரிசையில் நின்று, டாக்டர்களின் கணினிக்கும் முடிவு சொல்லும் கவுன்டருக்கும் போகும். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெரிய படம் ஒன்று உள்ளே நுழைந்தால், பின்னால் வருவதெல்லாம் வழி கிடைக்காமல் நின்றுவிடும். அதனால் படத்தைத் தனிக் கிடங்கில் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சீட்டை மட்டும் வரிசையில் அனுப்ப ஏற்பாடு செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். கிடங்கு நிரம்பி வழியாமலிருக்க, மூன்று நாளான படங்கள் தானாகவே அழியும்படியும் செய்தேன். எந்தச் சீட்டும் அவ்வளவு நாள் காத்திருக்காது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் இரண்டு சர்வர்கள் படுத்துவிட்டன. சீட்டுகள் ஐந்தாம் நாள்தான் போய்ச் சேர்ந்தன. அதற்குள் படங்கள் அழிந்திருந்தன. படம் கிடைக்காவிட்டால் திரையில் காட்டுவதற்கென்று முன்பே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: 'படம் ஒன்றும் இல்லை.' கட்டம் சின்னது, வரி அடங்கவில்லை. முதல் சொல்லை எடுத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் அக்கா தீராத வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்திருந்தாள். முடிவு கேட்டுவிட்டு நேராக என் அலுவலக வாசலுக்கே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்டா. கவுன்டர்ல இருந்த பொண்ணு திரையைப் பாத்து அப்படியே படிச்சுச் சொன்னா."

டாக்டர்கள் அப்படி எழுத மாட்டார்கள், அரைப் பக்கமாவது எழுதுவார்கள். அது என் வரி என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. இப்போதுதான் உயிரே வந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றேன்.

ஐந்து மாதத்தில் அக்கா போய்விட்டாள். அப்போதே வந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். உடம்பு பாதியாக இளைத்த பிறகும், ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே, நீ ஏன் கலங்குகிறாய் என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அந்த வாரம் அதே வரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இன்னும் முப்பத்தெட்டுப் பேர். அவர்களிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இந்த விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அக்கா சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது ஐயா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவளை பஸ் ஏற்றிவிட்டு மேலே வந்ததும், முதல் வேலையாக, அந்த வரியை எழுதியது யார் என்று காட்டும் பதிவிலிருந்து என் பெயரை எடுத்தேன்.