கண்டிப்பா வரும் பத்துக் கேள்வி

...இல்ல, நான் கேக்குதேன், தெரிஞ்சவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா வேண்டாமா? கூடவே உக்காந்து படிச்சவ. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவ. பரீட்சைக்கு முந்துன நாளு ஒத்த வார்த்தை வாயத் தெறந்திருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல ஏறியிருப்பனா? கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் பையத் தூக்கிட்டு காலேஜுக்குப் போவுதுவ. நான் துணைத்தேர்வு எழுத கோவில்பட்டிக்குப் போறேன். எல்லாம் அந்த முஸ்கானால வந்தது.

நீயும் துணைத்தேர்வுதான? விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுல உங்கையில கெமிஸ்ட்ரி புஸ்தகத்தப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். அதான் இங்கன வந்து உக்காந்தேன். எந்த ஊரு நீ? குளத்தூரா. நான் நாகலாபுரம். பேரு முத்துச்செல்வி. நீ படி, நீ படி. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். படிக்கையில பக்கத்துல ஒரு ஆளு தொணதொணன்னு பேசிக்கிட்டே வந்தா எனக்கே பிடிக்காது.

முஸ்கான் யாருன்னு சொல்லலையே. என் கூட்டாளி. ஆறாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சு. அவ வாப்பா குலாம் ரசூலு விளாத்திகுளத்துல செருப்புக்கடை வச்சிருக்காவ. கடைக்கு மாடியிலதான் வீடு. பிளஸ் ஒன்னு சேரும்போது நான் வரலாறு குரூப்பு எடுக்கலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. இவ சயின்ஸ் எடுக்கான்னு நானும் எடுத்தேன். பெஞ்சு மாறிரக் கூடாதுன்னு எடுத்த குரூப்பு அது. அதுலயும் பாரு, தப்பு யாருமேல?

அவ படிப்பா. எப்பிடின்னு கேளு, அன்னன்னைக்கு நடத்துனத அன்னன்னைக்கே படிச்சிருவா. அதெல்லாம் ஒரு பழக்கமா? நான் அப்பிடி இல்ல. நான் டைம்டேபிள் போட்டுப் படிக்கிற ஆளு. ஸ்கெட்ச் பேனா வாங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலரு. கெமிஸ்ட்ரிக்கு பச்சை. அந்த டைம்டேபிள் போட ரெண்டு நாளு ஆச்சு. போட்டு முடிச்சிப் பாத்தா, அதுல மொத ரெண்டு நாளு ஏற்கனவே போயிருச்சு. அப்ப என்ன செய்ய? திரும்ப மொதல்ல இருந்து போட்டேன். அப்பிடி நாலு டைம்டேபிள் போட்டேன் பிள்ள. இப்பவும் வீட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கு, பாக்க அழகா இருக்கும்.

வீட்டுலயும் படிக்க விட்டாத்தான. பரீட்சை நேரமும் மிளகாப் பழம் காயப்போடுத நேரமும் ஒண்ணா வந்துருது நம்ம பக்கம். எங்க அப்பா செல்லத்துரைக்கு ஒரு யோசனை. களத்துல உக்காந்து படி, ஆடு கோழி மிதிக்காமப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சுன்னாவ. உக்காந்தேன். மிளகா நெடிக்கு கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது. ரோட்டுல போறவிய எல்லாம், அய்யோ பாவம், செல்லத்துரை மக படிப்புக்காக இப்பிடி அழுவுதேன்னு சொல்லிட்டுப் போறாவ. எங்க அம்மை வேலுத்தாய்க்கு அதக் கேட்டுப் பெருமை. வேலை பாக்குத தீப்பெட்டி ஆபீஸ்ல போயி எல்லார்ட்டயும் சொல்லியிருக்கா. அந்தப் பேரு ஒண்ணுதான் பிள்ள எனக்கு அந்த வருசத்துல கெடச்சது.

அப்பிடி அழுது அழுது கெமிஸ்ட்ரில மொத மூணு பாடம் படிச்சேன். நல்லாப் படிச்சேன், அதுல குத்தம் சொல்ல முடியாது. இப்பக் கேளு, நுரை மிதப்பு முறைய தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நாலாம் பாடத்துல இருந்துதான் தகராறு. ரெண்டாம் வால்யூம்னு ஒண்ணு இருக்குல்லா, அதுக்கு அட்டை மட்டும் போட்டு வச்சிருந்தேன்.

எங்க கெமிஸ்ட்ரி சாரு சௌந்தரபாண்டியன்னு பேரு. அவியகிட்ட போயி, சார் இம்பார்ட்டன்ட் கேள்வி குறிச்சிக் குடுங்கன்னு கேட்டா, அட்டையத் தவிர எல்லாம் இம்பார்ட்டன்டுதாம்மான்னுட்டாவ. வாத்தியார் பேசுத பேச்சா அது? அதனாலதான பிள்ளைக வாட்ஸ்அப்புல லிஸ்ட் தேடுதுவ. எங்க கிளாஸ் குரூப்புல நாளுக்கு ஒரு லிஸ்ட் வரும். எங்க கிளாஸ் ஐஸ்வர்யாவுக்கு திருநவேலி டியூசன்ல ஒரு அண்ணன் இருக்கான். அவ ஒரு லிஸ்ட் போட்டா அம்பது பேரு கைகூப்பிக் கும்புடுவாளுக. தேங்க்ஸ் டி, தேங்க்ஸ் டின்னு ஒரே பூவாக் கொட்டும். நான் ஒரு நாளு, பிராக்டிகலுக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டேன். ஒருத்திகூட பதில் போடல. பாத்திருக்காளுக எல்லாரும். பதில் போடல. மனசுக்கு எப்பிடி இருக்கும், நீயே சொல்லு.

திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி பரீட்சை. சனிக்கிழமை காலையில களத்துல உக்காந்திருக்கேன். அன்னைக்கு டைம்டேபிள் படி ரெண்டாம் வால்யூம் ஆரம்பிக்கணும். புஸ்தகத்த எடுத்து மடியில வச்சாச்சு. அப்பதான் போன்ல ஐஸ்வர்யா இன்னொரு லிஸ்ட் போடுதா. அதுக்கும் பூ.

அதப் பாத்ததும்... சரி, உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. நானும் ஒரு லிஸ்ட் போட்டேன்.

எங்க இருந்து வந்துச்சுன்னா கேக்க? எங்கயும் இருந்து வரல. நானே போட்டது. எனக்கு எது தெரியுமோ அதக் கேள்வியா எழுதினேன், அந்த மொத மூணு பாடத்துல இருந்து. பத்துக் கேள்வி. மேல, மதுரையில கேள்வித்தாள் எடுக்குத சாருக்கு வேண்டியவிய சொன்னது, கண்டிப்பா வரும், யாருக்கும் அனுப்பாதீங்கன்னு போட்டேன். அப்பிடி ஒரு சாரு எங்கயும் கெடையாது. யாருக்கும் அனுப்பாதீங்கன்னு போட்டது தப்பாப்போச்சு. அதப் போட்டாத்தான் பிள்ள எல்லாருக்கும் அனுப்புதாவ.

அரைமணி நேரத்துல போன் வெறிபிடிச்ச மாதிரி அடிக்கி. பூவு, கும்புடு, கண்ணீரு, எல்லாம் வருது. செல்வி நீ தெய்வம் டின்னு ஐஸ்வர்யா போடுதா. ஐஸ்வர்யா. எனக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல, அவ்வளவு சந்தோசம். சாயங்காலம் சொல்லிரலாம், சும்மா போட்டேன் பிள்ளைகளான்னு சொல்லிரலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

சாயங்காலம் என்ன ஆச்சுன்னா, சாத்தூர்ல எங்க மாமன் மகன் அருண்பாண்டியன் இருக்கான், அவனும் பிளஸ் டூ. அவன் எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்புதான். தொறந்து பாத்தா எங்கேள்வி. அதே பத்து. கீழ இன்னும் ரெண்டு சேத்து, சுத்தி ரோஜாப்பூ பார்டர் போட்டு, நூறு சதவீதம் உறுதின்னு செவப்புல எழுதி, ஏதோ ஒரு கோச்சிங் சென்டர் முத்திரை வேற. எனக்குப் புல்லரிச்சிப் போச்சு.

நீ சிரிக்காத. அந்த நேரத்துல என் நெலமையில இருந்து யோசிச்சிப் பாரு. நான் என்ன நெனச்சேன்னா, நாம சும்மா போட்டதே சரியாப் போச்சு பாத்தியா, நமக்கு உள்ளுக்குள்ள ஏதோ தோணியிருக்கு, அங்க பெரிய பெரிய ஆளுகளும் இதத்தான் சொல்லுதாவன்னு நெனச்சேன். அருண்பாண்டியன்கிட்ட எங்கலே கெடச்சதுன்னு கேட்டேன். மேல இருந்து வந்துச்சுன்னான். மேல இருந்தே வந்திருக்கு. அதுக்கு மேல நான் எதுக்கு ரெண்டாம் வால்யூமத் தொறக்கணும்? மடியில இருந்தத எடுத்து பைக்குள்ள வச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க அந்தப் பன்னெண்டையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். அந்தப் புது ரெண்டு மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

திங்கக்கிழமை கேள்வித்தாளக் குடுத்தாவ. நான் மொதல்ல வேற பாடத்தோடதக் குடுத்துட்டாவளோன்னு மேல பேரப் பாத்தேன். கெமிஸ்ட்ரிதான். நம்ம பத்துல ஒரே ஒரு கேள்வி வந்திருக்கு, அதுவும் ரெண்டு மார்க்குல. திரும்பிப் பாக்கேன், ஹால்ல பாதிப் பிள்ளைக பேனாவ வாயில வச்சிக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கு. முஸ்கான் மட்டும் தலைய நிமுத்தாம எழுதுதா. அடிசனல் பேப்பர் கேக்கா.

தியரில எழுபதுக்குப் பதிமூணு வாங்கினேன். பாஸாக பதினஞ்சு எடுக்கணும்லா. எங்க அப்பாவுக்கு அந்தக் கணக்கு வெளங்கல. மத்த பாடத்துல எல்லாம் பாஸு, இதுல ரெண்டு மார்க்குதான கொறையுது, போயி நல்லபடியாக் கேட்டா போட்டுத் தர மாட்டாவளான்னு கேட்டாவ. மாட்டாவப்பான்னேன். அவ்வளவு அழுது படிச்சியேம்மா அப்பிடின்னாவ. மிளகா நெடின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அம்மை ஏசவே இல்ல. இந்த வாட்டியும் போச்சுன்னா எங்கூட தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்துரு, ஒக்காந்த வேலைதான்னு மட்டும் சொன்னா. ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

முஸ்கான் பிராக்டிகலோட சேத்து நூத்துக்குத் தொண்ணூத்தாறு. எனக்கு அதுல ஒரு பயம். அவளும் இந்த லிஸ்ட்டப் பாத்து ரெண்டு மார்க்கு, மூணு மார்க்கு விட்டிருப்பாளோ, நம்மளாலதான் நூறு போச்சோன்னு உள்ளுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வாரம் அவ கூப்பிட்டும் நான் போனையே எடுக்கல. பெறகு ஒரு நாளு மனசத் தேத்திக்கிட்டு செருப்புக்கடை மாடிக்குப் போனேன். அவ உம்மா டீ போட்டுக் குடுத்தாவ. குடிக்காம வச்சிக்கிட்டு, ஏட்டி, அந்த லிஸ்ட் நான் போட்டதுன்னு சொல்லிட்டேன்.

எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி, அப்பிடிங்குதா.

எப்பிடிட்டின்னு கேட்டேன். நுரை மிதப்பு முறைன்னு மொதக் கேள்வி போட்டியே, நுரைக்குப் பெரிய 'ற' போடுத ஆளு நம்ம கிளாஸ்லயே நீ ஒருத்திதான், ஆறாப்புல இருந்து பாக்கேன், லிஸ்ட் வந்ததும் சிரிச்சிட்டு அழிச்சிட்டேன்னு சொல்லுதா. நான் அந்த 'ற'வ ஒரு நாளு முழுக்கப் பாத்துப் படிச்சிருக்கேன் பிள்ள. எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சிச்சு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். தெரிஞ்சவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி, நான் பெயிலாயிட்டேனேட்டின்னு கத்தினேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?

நீ போட்ட லிஸ்ட்ட நீயே நம்புவேன்னு நான் என்னத்தட்டி கண்டேன்?

கீழ கடையில அவ வாப்பா சிரிக்கிற சத்தம் கேக்கு. ஒரு ஆளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கிட்டே சிரிச்சிருக்காவ.

அன்னையில இருந்து தெனமும் மத்தியானம் வரச்சொல்லி ரெண்டாம் வால்யூம் சொல்லிக்குடுத்தா. மதுரையில பார்மசி சேரப் போறவ, துணியெல்லாம் எடுத்து வைக்காம எனக்கு கோல்ராஷ் விதி சொல்லுதா. மொத நாளு, நூறு வாட்டி நுரை எழுதச் சொன்னா. எழுதினேன். ஏச்சும் அவ்வளவு. அதெல்லாம் நல்லாத்தான் செய்யுதா, ஆனா அந்த ஒரு வார்த்தை...

என்ன பிள்ள, ஏன் அப்பிடிப் பாக்க?

உனக்கும் வந்துச்சா. குளத்தூருக்குமா? பத்தா, பன்னெண்டா? ரோஜாப்பூ போட்டதா, போடாததா?

ரோஜாப்பூ.

புஸ்தகத்தக் காட்டு. செவப்பு மையில இதெல்லாம் குறிச்சது... ம். எல்லாம் நம்ம கேள்விதான். நீ எவ்வளவு வாங்குன? பதினொண்ணா.

நான் எங்க கிளாஸ் பிள்ளைக அளவுலதான் யோசிச்சேன். எங்கூடப் படிச்சதுக எல்லாம் எப்பிடியோ தாண்டிருச்சு. குளத்தூரு வரைக்கும் போவும்னு எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சிரு பிள்ள. இத நான் இன்னும் யாருகிட்டயும் கேக்கல, உங்கிட்டதான் கேக்குதேன்.

இந்தா, இது முஸ்கான் எழுதுன நோட்டு. ரெண்டாம் வால்யூம் முழுசும் சுருக்கமா இருக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒண்ணரைப் பக்கம்தான். நான் எழுதுனது இல்ல, கையெழுத்தப் பாரு, நம்பி வாங்கு. எட்டயபுரம் தாண்டியாச்சு, இன்னும் அரைமணி நேரம் இருக்கு, அதுக்குள்ள பாத்துரலாம். எனக்கு வேண்டாம், நான் பாத்துட்டேன். பாதி பாத்துட்டேன். நீ வச்சிக்க.

எங்க எந்திரிக்க? முன்னால சீட்டுக்கா? அங்கன வெயில் அடிக்கும்... சரி, போ. நான் பேசிக்கிட்டே வந்தா நீ எப்பிடிப் படிப்ப. போ.

ஏ பிள்ள, எறங்கும்போது மட்டும் ஒரு கொரல் குடு. பரீட்சை எழுதப்போற பள்ளிக்கூடம் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உம் பின்னாலயே வந்துரலாம்னு இருந்தேன்.