சாட்சியில் வரக்கூடாத பெயர்

எழும்பி இடம் கொடுக்காமல் தப்புவதற்காகப் பேருந்தில் தூங்குவதுபோல் நடிக்கிறவன் நான். அன்றும் பலாலி வீதியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தன் தோழியிடம் வெடித்தார்.

“என்ரை மனுசன் சுகமானதுக்கு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை சாட்சி சொல்லேக்கை, பக்கத்து வீட்டு யோகன்ரை பேர் வரக்கூடாதாம். போதகர் சொல்லுறார்!”

“அவன் குடிக்கிறவனெல்லே அக்கா.”

“குடிக்கட்டும்! மனுசன் பாரிசவாதத்திலை கிடந்த மூண்டு மாசமும் தூக்கிக் குளிப்பாட்டினது அவன்தான். கடவுள் சுகப்படுத்தினவர் எண்டு மட்டும் சொல்லட்டாம். ஓம், கடவுள்தான். அவர் அனுப்பினது யோகனையெல்லோ! சபையிலையிருந்து ஆர் வந்தது?”

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

“அவன்ரை பேரைத்தான் முதல் சொல்லுவன். வேணுமெண்டா மைக்கைப் பறிக்கட்டும்!”

போதகர்மேல் எனக்கு வந்த கோபத்தை வீட்டில் மனைவியிடம் கொட்டினேன்.

“உங்கடை அண்ணை படுக்கையிலை கிடக்கேக்கை நீங்கள் எத்தினை நாள் போனனீங்கள்?” என்றாள்.